ஒரே அணை, இரண்டு கணக்கு: கார்பன் கிரெடிட் கேட்கும் நீர்மின் திட்டத்தைத் தில்லியிலிருந்தே சரிபார்ப்பது எப்படி?

இமாசலத்திலோ சிக்கிமிலோ ஒரு நீர்மின் நிறுவனம் கார்பன் கிரெடிட்டுக்கு (தவிர்த்த கரியமில வாயுவுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுக்கு) விண்ணப்பிக்கும்போது சொல்வது இதுதான்: மின்சாரம் விற்ற காசு மட்டும் போதாது, கிரெடிட்டும் விற்றால்தான் இந்தத் திட்டம் கட்டுப்படியாகும். அதே நிறுவனம் கடன் வாங்கப் போகும்போது, மின்சாரம் விற்றே அசலும் வட்டியும் கட்டிவிடுவோம் என்கிறது. முதல் பேச்சு ஐ.நா. பதிவகத்தில் இருக்கும், இரண்டாவது கடன் மதிப்பீட்டு அறிக்கையிலும் மின்கட்டண மனுவிலும் இருக்கும். இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. மீதி கால் பங்கு, நாள் தவறாமல் எழுதிப் போடுவது.

தில்லித் தமிழர்களுக்கு இது எட்டாத வேலை அல்ல. மத்திய மின்சார ஆணையமும் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யும் ஆர்.கே.புரம் சேவா பவனில் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜோர்பாக்கில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கோப்பர்நிக்கஸ் மார்க்கில், மத்திய தகவல் ஆணையம் முனீர்க்காவில். இந்த ஊரில் தமிழர்களில் எத்தனை பேர் கணக்குத் துறையிலும் தணிக்கைத் துறையிலும் காலம் தள்ளியவர்கள்! தணிக்கைப் பத்தி எழுதிப் பழகிய கைக்கு இது புது வேலையே அல்ல. பக்க எண், தொகை, விதி, முரண் என்ற அதே நான்கும்தான் இங்கேயும் வேண்டும்.

எந்தத் திட்டத்தின் கீழ் கேட்கிறார்கள்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விதிகளும் கெடு நாள்களும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் ஐ.நா. நடத்திய சி.டி.எம். (தூய வளர்ச்சி) ஏற்பாட்டில்தான் இந்திய நீர்மின் திட்டங்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவாயின. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கிரெடிட். கிரெடிட் காலம் ஒரே தடவையாக 10 ஆண்டு, அல்லது 7 ஆண்டு வீதம் மூன்று தடவை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 பிரிவு ஏற்பாடு இப்போது அதன் இடத்தில் வந்திருக்கிறது. பழைய திட்டங்கள் அதற்கு மாற 2023 டிசம்பர் 31க்குள் கேட்டிருக்க வேண்டும். தனியார் பதிவகமான வெர்ரா 2019இல் விதியை மாற்றியதும், மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இல்லாத இந்தியா போன்ற நாடுகளின் மின்தொகுப்பு நீர்மின் திட்டங்களுக்கு அங்கே புதிதாக வழி அடைபட்டது. ஆனாலும் பழைய பதிவுகளின் கிரெடிட்டுகள் சந்தையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தன்னார்வ கார்பன் சந்தைக்கான நேர்மைக் குழு 2024 ஆகஸ்டில், நடப்பில் இருந்த எட்டுப் புதுப்பிக்கத்தக்க மின்சக்தி முறையியல்களுக்கு (கிரெடிட்டைக் கணக்கிடும் விதிமுறைகளுக்கு) தன் தர முத்திரை கிடையாது என்று அறிவித்தது. அதில் அடிபட்டவை விற்காமலோ பயன்படுத்தாமலோ கிடந்த சுமார் 23.6 கோடி கிரெடிட்டுகள். காரணம், கிரெடிட் இல்லாவிட்டாலும் இந்தத் திட்டங்கள் வந்திருக்கும் என்ற சந்தேகம்.

உள்நாட்டில், 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தைக் கவனியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஈடுசெய் பிரிவு (உமிழ்வைக் குறைக்கக் கட்டாயம் இல்லாதவரும் கிரெடிட் கேட்கும் வழி) சேர்ந்தது. 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற முதல் தொகுதி முறையியல்களில் நீர்மின்சாரமும் நீரேற்று மின்நிலையங்களும் அடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சக்தியும் உண்டு. இதை நடத்துவது பி.இ.இ. ஆகவே இனி வரும் சண்டை பெரும்பாலும் ஐ.நா. காலநிலைச் செயலகம் இருக்கும் ஜெர்மனியின் பான் நகரில் அல்ல, சேவா பவனில்.

காகிதங்களை முன்கூட்டியே சேர்க்கவும்

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சி.டி.எம்.மிலும் வெர்ராவிலும் திட்ட ஆவணம் தளத்தில் ஏறியதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனுவுக்குப் பதில் தரவும் 30 நாள். ஆவணம் ஏறிய பிறகு ஆர்.டி.ஐ. போட்டால் பதில் வரும்போது கதவு சாத்தியிருக்கும். திட்டம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் தலைகாட்டும்போதே தொடங்கிவிடுங்கள்.

சேர்க்க வேண்டியவை: சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பும், மத்திய மின்சார ஆணையத்தின் தொழில்நுட்ப-பொருளாதார இசைவுக் கடிதம் (செலவும் ஆண்டு உற்பத்தியும் அதில் இருக்கும்), மின்கட்டண ஆணையத்தில் போட்ட மனுவும் வந்த உத்தரவும், கிரிசில், இக்ரா போன்ற நிறுவனங்கள் இலவசமாக வெளியிடும் கடன் மதிப்பீட்டுக் குறிப்பு, பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனமானால் ஆண்டறிக்கை, முதலீட்டாளர் விளக்கவுரை, பங்கு வெளியீட்டு ஆவணம்.

தனியார் நிறுவனத்திடம் ஆர்.டி.ஐ. செல்லாது. ஆனால் அது அரசிடம் கொடுத்த காகிதத்தை அரசிடமே கேட்கலாம். மத்திய அரசுக்குக் கட்டணம் 10 ரூபாய், இணையவழியே போடலாம். ‘வணிக ரகசியம்’ என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், இதை எதிர்பார்த்தே எழுதுங்கள். அந்தப் பிரிவிலேயே பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று இருக்கிறது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் முனீர்க்கா. ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்காதீர்கள். ‘உள்நாட்டு ஒப்புதலுக்காக நிறுவனம் கொடுத்த விண்ணப்பமும் அதனுடன் இணைத்த நிதிக் கணக்கும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளில் ஐந்து தேதி எழுதுங்கள்: இயக்குநர் குழு முடிவு, முதல் கட்டுமான அல்லது இயந்திர ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், ஊர்க் கூட்டம், திட்ட ஆவணம் வெளியான நாள்.

சி.டி.எம். விதிப்படி 2008 ஆகஸ்ட் 2க்குப் பிறகு தொடங்கிய திட்டம், தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஐ.நா. செயலகத்துக்கும் நம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் ‘கிரெடிட் கேட்கப் போகிறோம்’ என்று எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தொடக்கம் என்பது மின் உற்பத்தி தொடங்கும் நாள் அல்ல. பெருஞ்செலவுக்கு முதலில் கையெழுத்திட்ட நாள். சுரங்கம் பாதி குடைந்த பிறகு கிரெடிட்டைப் பற்றி யோசித்த திட்டங்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். சுரங்க ஒப்பந்தம் தந்த தேதி ஒப்பந்ததாரரின் ஆண்டறிக்கையில் பெருமையாகவே அச்சாகியிருக்கும்.

பி.5 பிரிவு: உயிர்நாடி இங்கேதான்

சி.டி.எம். திட்ட ஆவணத்தின் பி.5 பிரிவில்தான் கூடுதல்தன்மையை நிரூபிக்கிறார்கள். அதாவது, கிரெடிட் இல்லாமல் இந்தத் திட்டம் வந்திருக்காது என்று காட்டுகிறார்கள். பெரும்பாலும் ஐ.ஆர்.ஆர். என்ற உள்வருவாய் விகிதத்தை (போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஈட்டும் என்பதை) கணக்கிட்டு, அது ஓர் அளவுகோலைவிடக் குறைவு என்பார்கள். இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க ஆறு இடங்கள்.

முதலாவது, ஒப்பிடும் இரண்டும் ஒரே இனமா? திட்ட முழுமைக்குமான ஐ.ஆர்.ஆரை, பங்கு முதலீட்டுக்குரிய அளவுகோலோடு ஒப்பிட்டால் திட்டம் எப்போதுமே நஷ்டமாகத்தான் தெரியும். வரிக்கு முன், வரிக்குப் பின் என்ற குழப்பமும், பணவீக்கம் சேர்த்தது, சேர்க்காதது என்ற குழப்பமும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, எத்தனை ஆண்டுக்குக் கணக்கு? மத்திய மின்கட்டண விதிகளில் நீர்மின் நிலையத்தின் ஆயுள் 35 ஆண்டாக இருந்து 2019இல் 40 ஆண்டாகியது. 20 ஆண்டோடு கணக்கை முடித்தால், அந்த ஆண்டில் அணைக்கும் சுரங்கத்துக்கும் உள்ள மதிப்பை வரவாகக் காட்ட வேண்டும். அதைப் பூஜ்யமாக விட்டிருந்தால், எக்செல் தாளில் அந்தக் கட்டத்தின் எண்ணோடு எழுதுங்கள்.

மூன்றாவது, கட்டணம். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மத்திய மின்கட்டண ஆணையம் செலவுக்கேற்பக் கட்டணம் நிர்ணயிக்கும் திட்டங்களில் பங்கு முதலீட்டுக்கு வருமானம் விதியிலேயே உறுதி. 2019-24 விதிகளில் ஆற்றோட்டத் திட்டத்துக்கு (பெரிய தேக்கமின்றி ஓடும் நீரிலேயே மின்சாரம் எடுப்பதற்கு) 15.5%, நீர்த்தேக்கத் திட்டத்துக்கும் சிறு தேக்கம் உள்ள ஆற்றோட்டத் திட்டத்துக்கும் 16.5%. செலவு கூடினாலும், நியாயமானது என்று ஆணையம் ஏற்றால் கட்டணமும் கூடும். அது கடைசியில் நம் தில்லி மின்கட்டண ரசீதில் வந்து உட்காரும். இப்படிப் பாதுகாக்கப்பட்ட திட்டம், கிரெடிட் இல்லாமல் நடக்காது என்று சொல்வதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்கது என்று அரசு அறிவித்து, விநியோக நிறுவனங்கள் அதை வாங்கியே ஆக வேண்டிய கடமையையும் கொண்டுவந்தது. புதிய திட்டங்களில் இதையும் கேளுங்கள்.

நான்காவது, உற்பத்தி அளவு. விரிவான திட்ட அறிக்கையில் பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு கிடைக்கும் நீரை வைத்து, இயந்திரங்கள் 95% தயார் நிலையில் இருப்பதாகக் கொண்டு ஆண்டு உற்பத்தியைக் கணக்கிடுவார்கள். கிரெடிட் ஆவணத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஆனால் ஒன்று: மாநிலத்துக்கு 12% இலவச மின்சாரம், வட்டார வளர்ச்சிக்கு 1% என்று கழிப்பது முறையானதே. இது தெரியாமல் ‘குறைத்துக் காட்டிவிட்டார்கள்’ என்று எழுதினால் மற்ற நல்ல புள்ளிகளும் சேர்ந்து அடிபடும்.

ஐந்தாவது, ஏற்ற இறக்கச் சோதனை. செலவிலோ வருமானத்திலோ 20 விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள ஒவ்வொன்றையும் குறைந்தது 10% ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். கட்டணத்தை மட்டும் அசைக்காமல் விட்டிருப்பார்கள், காரணம் ‘ஒப்பந்தத்தில் நிர்ணயித்தது’ என்பார்கள். அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள்; மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திறந்த சந்தையில் விற்கலாம் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்.

ஆறாவதுதான் எங்களுக்குப் பிடித்த சோதனை. கிரெடிட் வருமானம் உண்மையிலேயே எதையாவது அசைக்குமா? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 100 மெகாவாட், ரூ.1,000 கோடி செலவு, 45% பயன்பாடு. 100 × 8,760 × 0.45 = ஆண்டுக்கு 3,94,200 மெகாவாட்-மணி. ஒன்றுக்கு 0.9 டன் என்று வைத்தால் சுமார் 3,54,800 கிரெடிட். ஒன்று 3 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் ஏறத்தாழ ரூ.9 கோடி. மின்சாரத்தில் நிலையமே தன் தேவைக்கு எடுத்துக்கொள்வது 1%, இலவச மின்சாரம் 13% போக 33.9 கோடி யூனிட், ரூ.4.50 வீதம் சுமார் ரூ.153 கோடி. ஆகக் கிரெடிட் வருமானம் மின் வருமானத்தில் 6%. முதலீட்டில் ஆண்டுக்கு 0.9%. ஐ.ஆர்.ஆர். ஒரு புள்ளிகூட நகராது. கட்டணம் 45 காசு ஏறி இறங்கினாலே இதைத் தாண்டிவிடும். அப்படியிருக்க, இந்த 9 கோடியை நம்பித்தான் ஆயிரம் கோடியைப் போட்டோம் என்பதை யார் நம்புவது? உங்கள் திட்டத்தின் எண்களைப் போட்டு இதே நான்கு வரியைக் கருத்துரையில் எழுதுங்கள். பதில் சொல்லாமல் தாண்ட முடியாத வரிகள் இவை.

பொதுக்கருத்து நிலையில் எக்செல் தாளைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். அது இல்லாமல் பி.5ஐச் சரிபார்க்க முடியாது என்பதையே முதல் புள்ளியாக வைக்கலாம்.

டன் கணக்கும் நீர்த்தேக்கமும்

மின்தொகுப்பின் உமிழ்வுக் குணகத்தை (ஒரு மெகாவாட்-மணிக்கு எத்தனை டன் என்பதை) மத்திய மின்சார ஆணையம் தன் கரியமில வாயுத் தரவுத்தொகுப்பில் இலவசமாக வெளியிடுகிறது. நீர்மின்சாரத்துக்கு, இயங்கும் நிலையங்களின் சராசரியும் புதிதாக வந்த நிலையங்களின் சராசரியும் முதல் கிரெடிட் காலத்தில் 50:50. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் 75:25. அந்த விகிதத்தை நீர்மின் ஆவணத்தில் பார்த்தால் எண் வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் பாருங்கள்.

15 மெகாவாட் வரைக்கும் சிறு திட்டங்களுக்கான எளிய முறையியல். ஆகவே ஒரே திட்டத்தை இரண்டாக வெட்டும் ஆசை வரும். ஒரே உரிமையாளர், ஒரே தொழில்நுட்பம், இரண்டு ஆண்டுக்குள் பதிவு, எல்லைகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்குள் என்ற நான்கும் பொருந்தினால் அது வெட்டிய துண்டுதான். வரைபடத்தில் இரண்டு மதகுகளையும் அளந்து பாருங்கள்.

மின் அடர்த்தி என்பது நிறுவுதிறனை (வாட்) நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவுப் பரப்பால் (சதுர மீட்டர்) வகுத்தது. 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் சி.டி.எம். முறையியலில் இடமே இல்லை. 4க்கு மேல் 10 வரை என்றால், தேக்கத்திலிருந்து எழும் மீத்தேனுக்காக மெகாவாட்-மணிக்கு 90 கிலோ கரியமில வாயுவைக் கழிக்க வேண்டும். 10க்கு மேல் என்றால் அந்தக் கழிவு பூஜ்யம். சர்தார் சரோவர் 1,450 மெகாவாட், சுமார் 375 சதுர கிலோமீட்டர், வகுத்தால் 3.9தான். இமயமலை ஆற்றோட்டத் திட்டங்களுக்கோ நூற்றுக்கணக்கில் வரும், ஏனென்றால் தேக்கம் சிறியது. அங்கே பாதிப்பு தேக்கத்தில் இல்லை, சுரங்கத்துக்குள் போன ஆறு திரும்பி வரும் வரைக்கும் காய்ந்து கிடக்கும் பல கிலோமீட்டரில் இருக்கிறது. கிரெடிட் கணக்கில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆனால் ஒரு மறைமுக வழி உண்டு. மேல் கங்கைக்கு 2018 அக்டோபர் அறிவிக்கை நவம்பர்-மார்ச்சில் 20%, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25%, ஜூன்-செப்டம்பரில் 30% நீரை ஆற்றிலேயே விடச் சொல்கிறது. ஆவணத்தின் உற்பத்தி எண் இதைக் கழித்ததா? கழிக்கவில்லையென்றால் ஒன்று எண் தவறு, அல்லது ஆற்றில் நீர் விடப்போவதில்லை.

ஊர்க் கூட்டம் நடந்ததா?

25 மெகாவாட்டுக்குக் கீழ் உள்ள நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டாம், பொது விசாரணையும் வேண்டாம். அங்கே கிரெடிட்டுக்காக நடத்தும் கூட்டம்தான் ஊரார் பேசக் கிடைக்கும் ஒரே இடம். ஆவணத்தின் ‘இ’ பிரிவில் கூட்டத்தின் தேதி, அழைப்பு எந்த மொழியில், எந்தப் பத்திரிகையில் வந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எதிர்த்தவர் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘அனைவரும் வரவேற்றனர்’ என்று மட்டும் இருந்தால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். சுரங்கம் குடையும் ஊரில் வெடி அதிர்ச்சியையும் வற்றிய ஊற்றையும் ஒருவருமே பேசவில்லை என்பது நடக்காத காரியம்.

பெரிய திட்டத்தில் பொது விசாரணைப் பதிவை இதோடு ஒப்பிடுங்கள். அங்கே எதிர்ப்பு, இங்கே வரவேற்பு என்றால் உங்கள் கருத்துரையின் இரண்டாவது புள்ளி கிடைத்துவிட்டது. காட்டு நிலமானால் 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபைத் தீர்மானம் எங்கே என்று கேளுங்கள். கின்னௌரின் காஷங் திட்டத்தில் 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் லிப்பா கிராம சபையின் முன் விஷயத்தை வைக்கச் சொன்னது இந்தச் சட்டத்தை ஒட்டித்தான்.

எழுதும் முறை

ஐ.நா. தளத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு பக்கம் போதும். ‘பெரிய அணைகள் நாட்டுக்குக் கேடு’ என்று எழுதினால் ‘பொதுவான கருத்து, திட்டத்துக்குப் பொருந்தாது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஒரு புள்ளி இப்படி இருக்கட்டும்:

‘பி.5 பிரிவு, பக்கம் இத்தனை: ஆண்டு உற்பத்தி இவ்வளவு என்று கொண்டு ஐ.ஆர்.ஆர். கணக்கிடப்பட்டுள்ளது. மத்திய மின்சார ஆணையத்தின் இன்ன தேதிய இசைவுக் கடிதத்தில் அது இவ்வளவு. இரண்டுக்கும் வேறுபாடு இத்தனை விழுக்காடு. சரியான எண்ணைப் போட்டால் ஐ.ஆர்.ஆர். அளவுகோலைத் தாண்டுகிறது. முதலீட்டு முடிவின்போது எந்த எண் கையில் இருந்தது என்பதற்குச் சான்று கேட்டு, அதை மதிப்பீட்டு அறிக்கையில் பதிவு செய்யவும். ஆதாரம் இணைப்பு 1.’

முதலீட்டு முடிவு நாளில் கையில் இருந்த எண்தான் செல்லும் என்பது விதி. பின்னால் கட்டணம் ஏறியதை வைத்து வாதாடாதீர்கள். வலுவான மூன்று புள்ளிகள் போதும். பதினைந்து எழுதினால் மிகப் பலவீனமான இரண்டுக்கு மட்டும் விரிவாகப் பதில் வரும். கடைசி நாள் இரவுக்கு வைக்காதீர்கள். அனுப்பியதும் திரைநகல் எடுத்து வையுங்கள்.

அனுப்பிய பிறகு

கருத்துரையைச் சரிபார்ப்பு நிறுவனம் கவனத்தில் கொள்ள வேண்டும், எப்படிக் கொண்டது என்று அறிக்கையில் காட்ட வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது திட்ட உரிமையாளர் என்பதை மறக்க வேண்டாம். இத்தகைய சரிபார்ப்பு நிறுவனங்களான டி.என்.வி. 2008இலும், எஸ்.ஜி.எஸ். 2009இலும், டூஃப் சூட் 2010இலும் சி.டி.எம். வாரியத்தால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டன. பெரிய பெயர்களுக்கே அந்த நிலை. அறிக்கை வந்ததும் உங்கள் புள்ளிக்கு வந்த பதிலை வரிக்கு வரி பாருங்கள். ‘சரிபார்த்தோம், திருப்தி’ என்று மட்டும் இருந்தால், பதிவுக் கோரிக்கை வெளியாகும் காலத்துக்குள் வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் கடிதம் போடுங்கள். அங்கே மறுபரிசீலனை கேட்கும் உரிமை வாரிய உறுப்பினர்களுக்கும் சம்பந்தப்பட்ட நாடுகளுக்குமே உண்டு. உங்கள் கடிதம் அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுக்கும்.

பதிவான பிறகும் கதை முடிவதில்லை. பனாமாவின் பார்ரோ பிளாங்கோ அணை, பழங்குடி மக்களின் எதிர்ப்பை மீறி 2011இல் பதிவானது. 2016இல் பனாமா அரசே ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. வாங்குபவரும் ஒரு வாசல்தான். ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையில் 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் கிரெடிட்டுக்கு 2000ஆம் ஆண்டின் உலக அணைகள் ஆணைய நெறிகளைப் பின்பற்றியதற்குச் சான்று கேட்டார்கள். தன்னார்வச் சந்தையில் கிரெடிட்டைப் பயன்படுத்திக் கழித்த நிறுவனத்தின் பெயர் பல நேரம் பதிவகத்திலேயே இருக்கும். அனுமதியையே எதிர்க்க வேண்டுமானால் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.

கிரெடிட் கோரும்போதெல்லாம் கண்காணிப்பு அறிக்கை வரும். மத்திய மின்சார ஆணையம் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களின் உற்பத்தியை வெளியிடுகிறது. அதைத் திட்ட ஆவணத்தின் எண்ணோடு ஆண்டுவாரியாக ஒரு தாளில் போட்டு வையுங்கள். தொடர்ந்து அதிகமாக ஓடியிருந்தால் பி.5இல் குறைத்துக் காட்டியது தானே வெளிவரும். 7 ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கும்போது சி.டி.எம். விதியில் உமிழ்வுக் குணகம் உள்ளிட்ட அடிப்படைக் கணக்கைத்தான் மறுபடி பார்ப்பார்கள், கூடுதல்தன்மையைக் கேட்பதே இல்லை. உள்நாட்டு ஈடுசெய் திட்டத்துக்கு வரும் நீர்மின் விண்ணப்பங்களில் அந்தக் கேள்வியையும் சேர்க்கச் சொல்லி பி.இ.இ.க்கு எழுதும்போது, இந்த ஒரு தாளை இணைத்து அனுப்புங்கள்.